படமும் ஒலியும் டேட்டாபேஸுக்குள்ளேயா, வெளியேயா? 50 நிமிடத்துக்கு மேல் ஓடும் பதிவுகள் பேக்கப்பிலிருந்து திரும்ப ஏறவில்லை

ஒலிப்பேழை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தின் கணினி வேலைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 38,000 புகைப்படங்கள், 640 ஒலிப்பதிவுகள், கொஞ்சம் காணொளிகள். ஆறு வருடங்களுக்கு முன் ஆரம்பித்தபோது, எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்து, படங்களையும் ஒலியையும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டேபிளில் லாங்பிளாப்பாகவே (ஃபைலின் பைட்டுகளை அப்படியே வைக்கும் புலம்) போட்டுவிட்டேன். காணொளிகள் மட்டும் தனி ஃபோல்டரில் இருக்கின்றன.

இப்போது டேட்டாபேஸ் 600 ஜிபியைத் தொட்டுவிட்டது. இரவில் ஆரம்பிக்கும் பேக்கப் விடிந்தும் முடிவதில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் புதிய சர்வருக்கு மாறலாம் என்று பேக்கப்பை அங்கே ஏற்றிப் பார்த்தேன். பாதியில், பாக்கெட் அளவு மீறிவிட்டது என்று நின்றுவிட்டது. ஒரே தடவையில் எவ்வளவு தரவு அனுப்பலாம் என்று வரம்பு வைக்கும் மேக்ஸ் அலவ்டு பாக்கெட் அமைப்பை அதன் உச்ச அளவான 1 ஜிபிக்கு ஏற்றியும் அதே கதைதான். தோண்டிப் பார்த்தால், சின்னப் பதிவுகள் எல்லாம் ஏறுகின்றன. சுமார் 50 நிமிடத்துக்கு மேல் ஓடும் பதிவுகள் மட்டும் ஏற மறுக்கின்றன. அவற்றில் எதுவும் 1 ஜிபி கிடையாது. ஒரு மணி நேரப் பதிவே 635 எம்பிதான்.

ஆறு வருட பேக்கப்புகளில் எதிலிருந்தும் இந்த நீளமான பதிவுகளைத் திரும்ப எடுக்க முடியாது என்று நினைத்தால் தூக்கமே வரவில்லை. அவற்றில் பேசியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. இது ஏன் நடக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? அப்புறம், இந்த ஃபைல்களை எங்கே வைப்பதுதான் சரி?

எட்டுபிட்

முதலில் பதறாதீர்கள். பதிவுகள் எங்கும் போய்விடவில்லை.

டம்ப் (டேட்டாபேஸை எழுத்து ஃபைலாக எழுதிவைக்கும் பேக்கப்) எடுக்கும் கட்டளையில் ஹெக்ஸ்-பிளாப் என்ற தெரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் அதுதான். அந்தத் தெரிவில் ஒவ்வொரு பைட்டும் ஹெக்ஸாக, அதாவது 0-9, A-F என்ற குறிகளில் இரண்டு எழுத்தாக, டம்ப் ஃபைலில் எழுதப்படும். சிடி தர ஸ்டீரியோ பதிவு என்றால் விநாடிக்கு 1,76,400 பைட், அதாவது நிமிடத்துக்கு 10.6 எம்பி. 51 நிமிடப் பதிவு 540 எம்பி. ஹெக்ஸில் அது இரட்டித்து 1,080 எம்பி ஆகிவிடும். 1 ஜிபி வரம்பு என்பது 1,074 எம்பிக்குச் சற்றே குறைவு. நீங்கள் சொன்ன அந்த 50 நிமிடக் கோடு அப்படித்தான் வருகிறது. முதன்முதலில் பதிவை ஏற்றியபோது உங்கள் நிரல் பைட்டுகளை அப்படியே அனுப்பியிருக்கும், அதனால் உள்ளே போய்விட்டது. டம்ப் வழியாக வரும்போது அதே பதிவு இருமடங்கு உருவில் வந்து வாசலில் முட்டுகிறது.

ஏற்கெனவே இருக்கும் டேட்டாபேஸிலிருந்து ஒவ்வொரு பதிவையும் தனி ஃபைலாக வெளியே எடுங்கள், அது சுலபம். பழைய டம்புகளையும் தூக்கி எறிய வேண்டாம். அவற்றில் ஹெக்ஸ் முழுதாக இருக்கிறது. சின்ன பைத்தான் நிரல் ஒன்று எழுதி, அந்த எழுத்துகளைப் பைட்டாக மாற்றி எடுத்துவிடலாம். டேட்டாபேஸ் சர்வரே தேவையில்லை.

அணில்வால்

இதற்குத்தான் நான் எப்போதும் சொல்வது: டேட்டாபேஸில் ஃபைலின் பாதையை மட்டும் வையுங்கள், ஃபைலை டிஸ்க்கில் வையுங்கள். முடிந்தது.

நெய்தல்

அணில்வால் தம்பி, முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாதையை மட்டும் வைத்து நடத்திய ஒரு தொகுப்பை மீட்கும் வேலை எனக்கு வந்தது. அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

யாரோ ஒருவர் ஃபோல்டர் பெயரை அழகுபடுத்தியிருந்தார். டேபிளின் ஆயிரக்கணக்கான வரிசைகள் (ரோ) இல்லாத பாதையைக் காட்டின. டேபிளில் நீக்கிய படங்கள் டிஸ்க்கில் அப்படியே கிடந்தன. டிஸ்க்கில் நீக்கியவை டேபிளில் உயிரோடு இருந்தன. டேட்டாபேஸுக்குள் ஃபைல் இருந்தால் இது நடக்காது. டிரான்சாக்‌ஷன் என்பது படத்துக்கும் அதன் விவரத்துக்கும் சேர்த்தே நடக்கும்: இரண்டும் பதிவாகும், இல்லாவிட்டால் இரண்டும் பதிவாகாது. வெளியே கொண்டுபோகும்போது அந்தப் பாதுகாப்பை நாம் கையால் கட்ட வேண்டியிருக்கும். கட்டாமல் விட்டால் இரண்டு மூன்று வருடங்களில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போகும்.

அதைவிட என்னைப் படுத்தியது தமிழ்ப் பெயர்கள். 'தோணி' என்று ஒரு படத்துக்குப் பெயர். 'தோ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் கால்மாக, 'ே' + 'ா' என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயரைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு நகலெடுத்தபோது, டேபிளில் சேர்ந்த வடிவம், டிஸ்க்கில் பிரிந்த வடிவம். ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, நிரல் மட்டும் இல்லை என்கிறது. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைசேஷன் செய்து இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் 'மௌனம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் 'ள'வும் அடித்தவர்களும் இருந்தார்கள். அதை எந்த நார்மலைசேஷனும் சரிசெய்யாது. ஒவ்வொன்றாகக் கையால் பார்த்தேன்.

அதனால் என் முதல் விதி: மனிதர் வைத்த பெயர் டேட்டாபேஸில் தலைப்பாக இருக்கட்டும். டிஸ்க்கில் உள்ள ஃபைல் பெயரில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.

எட்டுபிட்

நெய்தல் அக்கா சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எது உள்ளே, எது வெளியே என்பதற்கு அளவை வைத்து ஒரு பதில் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கென், ஜிம் கிரே மூவரும் 2006இல் இதை அளந்து பார்த்தார்கள். 256 கேபிக்குக் கீழே உள்ளவற்றுக்கு டேட்டாபேஸ் நன்றாக இருந்தது, 1 எம்பிக்கு மேல் ஃபைல் சிஸ்டம் நன்றாக இருந்தது, நடுவில் உள்ளவை எத்தனை தடவை மாற்றி எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்து அமைந்தன. அவர்கள் சோதித்தது அந்தக் காலத்து எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும், அதனால் எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் அந்தத் திசை இன்றும் சரிதான்.

சின்ன ஃபைலுக்கு டேட்டாபேஸ் ஏன் நன்றாக இருக்கிறது என்றால், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடுவதற்கே நேரம் ஆகிறது. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸை உருவாக்கும் ஆட்கள் 10 கேபி அளவுள்ள சிறுபடங்களை வைத்துச் சோதித்தபோது, தனித்தனி ஃபைலாகப் படிப்பதைவிட டேட்டாபேஸிலிருந்து படிப்பது சுமார் 35 சதவீதம் வேகமாக இருந்தது. ஆகவே ஒலிப்பேழை, பட்டியல் பக்கத்தில் வரும் தம்ப்நெயில் சிறுபடங்களை டேட்டாபேஸிலேயே விட்டுவிடுங்கள். மூலப் படங்களும் ஒலியும் வெளியே வரட்டும்.

நீளமான ஒலியும் காணொளியும் வெளியே இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கேட்பவர் 40ஆவது நிமிடத்துக்குத் தாவினால் வெப் சர்வர் அந்தத் துண்டை மட்டும் எடுத்து 206 ('பகுதி மட்டும்') என்ற பதிலோடு அனுப்பிவிடும். பிளாப்பில் இருந்தால் அதை நீங்களே எழுத வேண்டும். பல நிரல்கள் முழு 635 எம்பியையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் முதல் பைட்டையே அனுப்பும். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸின் கிரிட்எஃப்எஸ் வசதி இதைச் சமாளிக்கத்தான் ஃபைலை 255 கேபி துண்டுகளாக வெட்டி வைக்கிறது.

ஒலிப்பேழை

ஹெக்ஸ்-பிளாப் இருந்தது! கணக்கும் அப்படியே பொருந்துகிறது. பெரிய பாரம் இறங்கியது, மிக்க நன்றி. நேற்று இரவிலிருந்து ஒவ்வொரு பதிவாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, பொருளில்லாத ஃபைல் பெயர் என்றால் வரிசை எண்ணையே வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், அந்தப் பாதுகாப்பைக் கையால் கட்டுவது என்றீர்களே, எப்படி?

நெய்தல்

வரிசை எண்ணைவிட ஹேஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒரு குறி, நல்லது. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து ஷா-256 என்ற முறையில் அதைக் கணக்கிட்டால் 64 ஹெக்ஸ் எழுத்துகள் வரும். அதையே ஃபைல் பெயராக வையுங்கள். முதல் இரண்டு எழுத்தை வைத்து ஃபோல்டர் பிரித்தால் 256 ஃபோல்டர்கள், உங்கள் 38,640 ஃபைலுக்கு ஃபோல்டருக்குச் சராசரி 151. அவ்வளவே போதும். இதில் இரண்டு நன்மைகள் கூடவே வரும். ஒரே படத்தை இரண்டு தடவை ஏற்றினால் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். டிஸ்க்கில் ஒரு பிட் கெட்டாலும் பெயரும் உள்ளடக்கமும் பொருந்தாமல் போய் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எதை முதலில் எழுதுகிறோம் என்பது மிக முக்கியம். ஃபைலை அதே டிஸ்க்கில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதுங்கள், டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்யுங்கள், அப்புறம் ஹேஷ் பெயருக்கு மாற்றுங்கள். கடைசியாகத்தான் டேட்டாபேஸில் வரிசையைச் சேர்க்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் யாரும் சுட்டாத ஒரு ஃபைல் மிஞ்சும். அதனால் கெடுதல் இல்லை. தலைகீழாகச் செய்தால், டேட்டாபேஸ் இருக்கிறது என்று சொல்லும் ஃபைல் டிஸ்க்கில் இருக்காது.

நீக்கும்போது இதற்கு எதிர்த் திசை. முதலில் வரிசையை நீக்குங்கள். ஃபைலைத் தொடாதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு நிரல் ஓடி, எந்த வரிசையும் சுட்டாத, 30 நாள் பழைய ஃபைல்களை மட்டும் அப்புறப்படுத்தட்டும். பேக்கப்பிலும் முதலில் டேட்டாபேஸ் டம்ப், அதன் பிறகு ஃபைல்கள். அப்போதுதான் டம்ப் சுட்டும் ஒவ்வொரு ஃபைலும் நகலில் இருக்கும். அந்த நேரத்தில் அப்புறப்படுத்தும் நிரல் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் எழுதிய பிறகு மாறாதவை என்பதால் தினமும் புதியவற்றை மட்டும் நகலெடுத்தால் போதும். விடிய விடிய ஓடும் பேக்கப் நிமிடங்களில் முடியும்.

அணில்வால்

எது முதலில் என்று நான் யோசித்ததே இல்லை. என்னுடையதில் வரிசை முதலில், ஃபைல் அப்புறம். இன்றே மாற்றுகிறேன்.

பதிவேடு

நல்ல இழை. இருபது வருடங்களாக ஆவணங்களுக்கு விவரம் எழுதும் விவரணைப் பக்கம் இருப்பவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்கே வைப்பது என்பது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். ஒலிப்பேழை, உங்கள் டேபிளில் ஒரு படத்தைப் பற்றி என்னென்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? தலைப்பு, தேதி, குறிப்பு, இல்லையா? வருடக்கணக்காக உங்களைத் தொந்தரவு செய்யப்போவது அதுதான்.

தேதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான நிரல்கள் எக்ஸிஃப்பில் (கேமராவோ ஸ்கேனரோ படத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதும் விவரம்) உள்ள தேதியை எடுத்துத் தேதிப் புலத்தில் போட்டுவிடும். பழைய அச்சுப் படத்தை ஸ்கேன் செய்திருந்தால் அதில் இருப்பது ஸ்கேன் செய்த நாள். ஓரம் மஞ்சளித்த கறுப்புவெள்ளைப் படம் காலவரிசையில் 2019இல் போய் உட்காரும். கேமராவில் எடுத்த படமானாலும், பேட்டரி தீர்ந்து கடிகாரம் முதலுக்குத் திரும்பியிருந்தால் தேதி பொய். நேர மண்டலத்தைக் குறிக்க எக்ஸிஃப்பில் இடம் வந்ததே 2016இல் வந்த 2.31ஆம் பதிப்பில்தான். அதற்கு முந்தைய படங்களில் இருப்பது எந்த ஊரின் மணி என்று ஃபைல் சொல்லாது.

நான் செய்வது இதுதான். தேதிக்கு ஒரே புலம் வைக்க மாட்டேன். 'இதற்கு முன்னால் இருக்க முடியாது', 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று இரண்டு புலங்கள். கூடவே, யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது, எப்போது சொன்னது. எக்ஸிஃப் சொன்ன தேதி ஒரு கூற்று. படத்தில் இருப்பவரின் மகள் சொன்ன தேதி இன்னொரு கூற்று. இரண்டும் தனித்தனி வரிசைகளாக இருக்கும், எதை ஏற்கிறோம் என்பது தனிக் குறி. பின்னால் யாராவது வந்து திருத்தினால் பழையது அழியாது.

அடுத்து, படைப்பு வேறு, ஃபைல் வேறு. ஒரு நேர்காணல் ஒரு படைப்பு. அதன் மூல வேவ் ஃபைல், இரைச்சல் நீக்கிய பிரதி, இணையத்துக்கான எம்பி3 மூன்றும் அதன் மூன்று உருவங்கள். பேசியவர் பெயர் படைப்பின் டேபிளில் இருக்கும். மாதிரி வீதம், நீளம், ஹேஷ் எல்லாம் உருவத்தின் டேபிளில். எந்த உருவம் எதிலிருந்து, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பால் செய்யப்பட்டது என்பதையும் எழுதுங்கள். இதையெல்லாம் ஒரே டேபிளில் திணித்தால், ஒரு பெயரில் உள்ள பிழையைத் திருத்த மூன்று இடங்களில் திருத்த வேண்டும்.

புலங்களுக்குப் பெயர் தேடினால் டப்ளின் கோர் என்ற விவரணைத் தரத்தின் 15 கூறுகளிலிருந்து ஆரம்பியுங்கள். 1995இலிருந்து இருக்கிறது, நூலகங்களுக்குப் பழக்கமானது. எம்பெக்-7 என்ற இன்னொரு தரம் 2002இல் வந்தது, காணொளியின் நிறம், அசைவு வரை விவரிக்கும், ஆனால் சிறிய குழு சுமக்கக்கூடிய கனம் இல்லை. டேட்டாபேஸோடு கூட வரும் சிறப்பு வகைகளை நம்பி இறங்க வேண்டாம் என்றும் சொல்வேன். ஆரக்கிள் டேட்டாபேஸில் படம், ஒலி, காணொளிக்கென்றே தனி வகைகள் வருடக்கணக்காக இருந்தன. 19சி பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். சாதாரண டேபிளும் சாதாரணப் புலமும் நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

ஒலிப்பேழை

ஐயா, ஒரு சந்தேகம். ஒரு மணி நேர நேர்காணலில் 17ஆவது நிமிடத்தில் ஒருவர் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறார். இப்போது நான் அதைக் குறிப்புப் புலத்தில் '17:20 வெள்ளம்' என்று எழுதிவைக்கிறேன். தேடினால் பதிவு வருகிறது, இடம் வருவதில்லை.

பதிவேடு

அதற்குத் தனி டேபிள் வேண்டும். பகுதி எண், படைப்பு எண், தொடக்கம், முடிவு, என்ன பேசப்படுகிறது, யார் குறித்தது. தொடக்கத்தையும் முடிவையும் மில்லிவிநாடியில் முழு எண்ணாக வையுங்கள். '17:20' என்ற எழுத்தாக வைத்தால், '9:40' அதற்குப் பிறகு வருவதாக வரிசைப்படுத்தும். காணொளியில் ஃப்ரேம் எண்ணை வைத்தால் விநாடிக்கு 25 ஃப்ரேமும் 29.97 ஃப்ரேமும் கலக்கும்போது குழம்பும்.

ஒரு பகுதி இன்னொன்றின் மேல் படியலாம், அதைத் தடுக்காதீர்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு பாட்டுப் பாடுவார்கள், பாட்டு ஒரு பகுதி, வெள்ளம் அதைச் சுற்றிய பெரிய பகுதி. இரண்டு கால இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 13 விதங்களில் அமையலாம் என்று ஜேம்ஸ் ஆலன் 1983இலேயே வகுத்துவிட்டார். நடைமுறையில் உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது மேற்படிகிறதா என்ற ஒரு கேள்விதான்: இதன் தொடக்கம் அதன் முடிவுக்கு முன், இதன் முடிவு அதன் தொடக்கத்துக்குப் பின். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், தொடக்கத்தையும் முடிவையும் ஒரே புலத்தில் வைக்கும் வீச்சு வகையும், அதை விரைவாகத் தேட உதவும் ஜிஸ்ட் இன்டெக்ஸும் இதை நேரடியாகச் செய்யும்.

நான் பட்ட ஒன்று. இணையத்துக்கான பிரதியில் முதல் 12 விநாடி வெற்று ஒலியை வெட்டிவிட்டோம். குறித்து வைத்த நேரங்கள் எல்லாம் மூலத்துக்கானவை. கேட்பவர் சொடுக்கினால் ஒவ்வொரு பகுதியும் பேச்சு ஆரம்பித்து 12 விநாடி கழித்துத்தான் ஒலித்தது. வாக்கியத்தின் தலை இருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு உருவத்துக்கும் 'மூலத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது' என்று ஒரு புலம் வைத்தேன். நீங்கள் முதல் நாளே வைத்துவிடுங்கள்.

கணுக்கால்

தாமதமாக வருகிறேன். இப்போது கிளிப் மாதிரியான செயற்கை நுண்ணறிவு மாடல்கள் படத்தை வெக்டராக, அதாவது எண்களின் பட்டியலாக, மாற்றித் தருகின்றன, 'மழையில் நிற்கும் மாடு' என்று எழுதித் தேடினாலே படம் வருகிறது. தனி வெக்டர் டேட்டாபேஸ் ஒன்று வைத்துவிட்டால் இந்தக் கூற்று, கால வீச்சு எல்லாம் எதற்கு?

எட்டுபிட்

தேடலுக்கு அது அருமையான கருவி, பயன்படுத்த வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 512 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் படத்துக்கு 2 கேபி. 38,000 படங்களுக்கு 78 எம்பி. எந்த இன்டெக்ஸும் இல்லாமல் முழுவதையும் ஒப்பிட்டாலும் கண்ணிமைக்கும் நேரம்தான். தனி டேட்டாபேஸ் வேண்டாம். போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் போனால் பிஜிவெக்டர் என்ற அதன் துணை நிரல் போதும், லட்சக்கணக்கில் வளர்ந்தால் தேடலை வேகப்படுத்தும் ஹெச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ் போடலாம். ஒரே டேட்டாபேஸில் இருந்தால் '1975க்கு முந்தையது என்று ஏற்கப்பட்ட, தண்ணீர் தெரியும் படங்கள்' என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். வெக்டரோடு மாடலின் பெயரையும் பதிப்பையும் கட்டாயம் எழுதுங்கள். வேறு மாடலின் வெக்டரோடு ஒப்பிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

பதிவேடு

கணுக்கால், 1990களில் ஐபிஎம்மின் கியூபிக் என்ற மென்பொருள் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் படம் தேடியது. சிவப்பைக் கேட்டால் சிவப்பு வரும், சிவப்புச் சேலையா சூரிய அஸ்தமனமா என்று அதற்குத் தெரியாது. இன்றைய மாடல்கள் அந்த இடைவெளியை நிறையவே குறைத்திருக்கின்றன, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் படத்தில் நிற்பவர் யார், அவர் பக்கத்தில் நிற்பவர் அவருடைய தங்கையா தோழியா என்பது பிக்சலில் இல்லை. அது ஒருவர் சொல்லி, இன்னொருவர் எழுதிவைத்தால்தான் உண்டு. மாடல் தரும் விவரத்தையும் ஒரு கூற்றாகவே பதியுங்கள், சொன்னது யார் என்ற இடத்தில் மாடலின் பெயரைப் போட்டு. மனிதர் எழுதிய குறிப்பின் மேல் அது ஒருபோதும் எழுதக் கூடாது.

ஒலிப்பேழை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லா ஃபைலும் வெளியே வந்துவிட்டன. ஹேஷ் போட்டதில் 212 படங்கள் இரண்டு தடவை ஏறியிருந்தது தெரிந்தது. வியப்பு என்னவென்றால், அவற்றில் 31 படங்களுக்கு இரண்டு வெவ்வேறு குறிப்புகள் இருந்தன. ஒரே படம், ஒருவர் 'திருமணம்' என்கிறார், இன்னொருவர் 'வளைகாப்பு' என்கிறார். பதிவேடு ஐயா சொன்னபடி இரண்டையும் கூற்றாக வைத்திருக்கிறேன். எதையும் அழிக்கவில்லை.

டேட்டாபேஸ் இப்போது தம்ப்நெயிலோடு சேர்த்து 1 ஜிபிக்கும் கீழே. நேற்று புதிய சர்வரில் எல்லாவற்றையும் பேக்கப்பிலிருந்து ஏற்றி, ஒவ்வொரு ஃபைலின் ஹேஷையும் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின. 58 நிமிடப் பதிவு ஒன்றைத் திறந்து 17ஆவது நிமிடத்துக்குத் தாவினேன். வெள்ளத்தைப் பற்றிப் பேசும் அந்த அம்மாவின் குரல் வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து கேட்டது.

நெய்தல்

மிக்க மகிழ்ச்சி. அந்த ஹேஷ் ஒப்பீட்டை மாதம் ஒருமுறை தானாக ஓட வையுங்கள், கடைசியாகச் சரிபார்த்த தேதியை உருவத்தின் டேபிளிலேயே எழுதுங்கள். 31 படங்களின் பட்டியலைக் குறிப்பு எழுதியவர்கள் இருவருக்கும் அனுப்பிப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.